சமையல் உற்பத்தி ஆகாது

எங்கள் வீட்டு அடுப்பை அப்பா கடப்பாரையால் இடித்தபோது அதன்மேல் தட்டைப்பயறு வெந்துகொண்டிருந்தது. அம்மா முந்தானையால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். மண் சரிந்து, தணல் வாசல்வரை சிதறி, புகை அடங்குகிற வரைக்கும் கொதிக்கிற அந்தச் சட்டி அவள் கையிலேயே இருந்தது.

"ஏனுங்க, இதெ எங்கீங்க எறக்கி வெக்கறது?" என்று அப்புறம்தான் கேட்டாள்.

உலகத்துச் சொத்தெல்லாம் எப்படிப் பொதுவாக வேண்டும் என்று கேட்டிருந்தால் அப்பா விடியும்வரை சொல்லியிருப்பார். இதைக் கேட்டதும் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டு அடுப்பை இடிக்கப் போய்விட்டார்.

இதையெல்லாம் என் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். சிறியவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், இல்லாவிட்டால், "அடேயப்பா, எவ்வளவு பெரிய தியாகம்!" என்கிறார்கள். இரண்டுமே எனக்கு எரிச்சல். உங்கள் வீட்டிலும் அந்தக் காலத்தில் யாராவது ஒருவர் உலகத்தைத் திருத்தக் கிளம்பியிருப்பார். ராட்டையோடு ஒருவர், கொடியோடு ஒருவர். அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டது யார் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். பருத்திக்கும் கடலைக்கும் விலை விழுந்துபோய், ஊரில் காடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. பெரியப்பாவின் மேட்டுக்காடு போனதும் அப்போதுதான். அண்ணன் காட்டை வேறொருவன் ஏர் பூட்டி உழுவதை அப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்து, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அந்த வேதனை உண்மையானது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இனிமேல் சொல்லப்போவதெல்லாம் அவர்மேல் குறையாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குச் சேலத்துக்காரர் ஒருவர் பழக்கமானார். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. மண்டியை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர். தடித்த கண்ணாடி, நல்ல குரல். எங்கள் வீட்டுக்கு வந்தால் பத்து நாள், பதினைந்து நாள் தங்குவார். நாங்கள் அவரை "மாமா" என்றோம். "மாமா வேண்டாம், தோழர் என்று கூப்பிடுங்கள்" என்றார். எங்களுக்கு வெறும் தோழர் வாயில் வரவில்லை. "தோழர் மாமா" என்றே ஆகிவிட்டது.

தோழர் மாமா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். தனித்தனியாக வைத்திருப்பதால்தானே ஒவ்வொருவனாகப் பிடுங்குகிறார்கள். நாலு குடும்பத்துக் காடும் ஒன்றாகட்டும், மாடு ஒன்றாகட்டும், கிணறு ஒன்றாகட்டும், விளைகிறதை எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம் என்றார். எங்கள் வீடு, பெரியப்பா வீடு, பங்காளிகள் வீடு இரண்டு. ஐந்தாவதாக, எங்கள் கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டி, தோல்பறியில் தண்ணீர் இறைத்தவரின் குடும்பம். அவர்கள் ஊர் தீண்டாமல் ஒதுக்கி வைத்திருந்த சனம். ஊருக்கு வெளியே வளவில் குடியிருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு கை அகல நிலம் கிடையாது. ஆனாலும் அவர்களுக்கும் சமபங்கு என்று அப்பா பிடிவாதமாகச் சொன்னார். பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தன் காட்டைப் பறிகொடுத்தவர் எதைச் சொல்லி மறுப்பார்?

"தனி அடுப்பு எரிகிறவரை தனிச்சொத்து சாகாது" என்று தோழர் மாமா வேப்பமரத்தடியில் பேசினார். அடுத்த நாளே கடப்பாரை.

கிணற்றுக்குப் பக்கத்தில் நீளமாகப் பந்தல் போட்டு, மண்ணில் பெரிய அடுப்புகளாக வெட்டினார்கள். முதல் நாள் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பச்சைத் தென்னங்கீற்று வாசம், வெந்த கம்பின் வாசம், ஈர விறகின் புகை. எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இது தினமும் நடக்கப் போகிறது என்று சொன்னதும் நான் குதித்தேன்.

கவலை ஓட்டுகிறவர் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அப்பா போய்க் கையைப் பிடித்து இழுத்தார்.

"வேண்டாமுங்க சாமி. நமக்கு அக்கட்டாலயே ஆகுமுங்க."

"இனிமே சாமியும் கெடையாது, அக்கட்டாலயும் கெடையாது. வா, எம்பக்கத்துல உக்காரு."

அவர் உட்கார்ந்தார். இலையைத் தவிர வேறெங்கும் பார்க்காமல், உருண்டை உருண்டையாக அவசரமாக விழுங்கினார். பெரியப்பா இலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேறு திசையில் பார்த்து உட்கார்ந்தார். தோழர் மாமா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கவலை ஓட்டுகிறவர் மனைவி எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று யாரும் பார்க்கவில்லை. பெண்கள் யாரும்தான் உட்காரவே இல்லையே! ஆண்களும் பிள்ளைகளும் எழுந்தபிறகு, அண்டாவின் அடியில் கிடந்ததை அங்கங்கே நின்றபடி தின்றார்கள். அந்த அம்மாளுக்கு விறகு கொண்டுவருவதும் பாத்திரம் தேய்ப்பதும் வேலையாயிற்று. அண்டாவைத் தேய்க்கலாம், அதில் வேகிற சோற்றைத் தொடக்கூடாது. இப்படி யாரும் தீர்மானம் போடவில்லை. பெரியம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்ட விதத்தில் அதுவாக ஆகிவிட்டது.

சமத்துவம் வந்ததில் என் ஆட்டுக்குட்டியும் போயிற்று. காது மட்டும் கறுப்பாக, உடம்பெல்லாம் செம்மண் நிறமாக ஒரு குட்டி. பால்குடி மறக்காதபோது நான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது. "என்ற குட்டி" என்று சொன்னால் தோழர் மாமா திருத்துவார்: "நம் குட்டி என்று சொல், கண்ணு." சேலத்திலிருந்து அவர் கூட்டாளிகள் நாலைந்து பேர் இந்த அதிசயத்தைப் பார்க்க வந்தபோது நம் குட்டியை அறுத்துக் குழம்பு வைத்தார்கள். நான் அழுததற்கு அப்பா, "நீ மட்டும் வளத்துன குட்டியா அது? பொதுப் புல்லத்தான தின்னுச்சு?" என்று கேட்டார். வந்தவர்கள் அந்தப் பதிலை வெகுவாக ரசித்தார்கள்.

அம்மாவின் வெண்கலப் போசியும் அப்படித்தான். அவள் கல்யாணத்துக்கு அவள் வீட்டார் கொடுத்தது. தட்டினால் கோயில் மணி மாதிரி கேட்கும். பொதுப் பாத்திரத்தோடு சேர்ந்து, ஒருநாள் அது மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைக்கிற பாத்திரமாக ஆகியிருந்ததை அம்மா பார்த்தாள். விளிம்பு நசுங்கியிருந்தது. எடுத்துக் கழுவிப் பந்தலில் வைத்தாள். மறுநாள் மறுபடியும் மாட்டுக் கட்டுத்தரையில் கிடந்தது. மூன்றாம் முறை அவள் எடுக்கவில்லை.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேலை. முன்பு ஆறு பேருக்குக் கம்பு இடித்தவள் இப்போது எத்தனை பேருக்கு இடித்தாள் என்று நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் தோள் வலிக்கிறது. ஊருக்கு ஊர் விருந்தாளி வேறு. ஆண்களின் வேலைக்கு முறை வைத்துவிட்டார்கள். கவலை ஓட்டுகிறவரைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் வேலை குறைந்துபோய், பொழுது சாயும் முன்பே வேப்பமரத்தடியில் கூட்டம் கூடிவிடும். அங்கே உலகத்துத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் பெண்பிள்ளைகள் மோர் கொண்டுபோய்க் கொடுப்போம். "இன்னொரு சொம்பு" என்பார்கள்.

ஒருநாள் அம்மா பந்தல்காலுக்குப் பின்னால் நின்றபடி தோழர் மாமாவிடம் கேட்டாள்.

"கவலைக்கு மொறை வெச்சிருக்கறீங்க, மாடு மேய்க்க மொறை வெச்சிருக்கறீங்க. அடுப்புக்கு மட்டும் மொறை இல்லீங்களா?"

"அருமையான கேள்வி, அம்மா!" என்றார் அவர். உண்மையாகவே மகிழ்ந்துபோனார். "கூட்டத்தில் வைக்கிறேன்."

வைத்தார். பல சாயங்காலங்கள் அதையே பேசினார்கள். தோழர் மாமா தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்பா ஒருபுறம் பேசுவார், மறுநாள் மறுபுறம் பேசுவார். பெண்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் முடிவாயிற்று. பூமியில் விளைவிப்பது உற்பத்தி. தறியில் நெய்வது உற்பத்தி. சமையல் உற்பத்தி ஆகாது. ஆகவே அதற்கு முறை வகுக்க வேண்டியதில்லை.

இந்த இயக்கத்தில் அதுவரை ஒன்றுமே விளங்காத பெரியப்பாவுக்கு இது மட்டும் நன்றாக விளங்கியது. "அதத்தானப்பா நானும் நெனச்சேன்!" என்று தொடையைத் தட்டினார்.

அப்பா வந்து அம்மாவிடம் சொன்னார். அவள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உற்பத்தீன்னா என்னுங்க?"

"பூமியில இருந்து எடுக்கறது. காட்டு வேல."

"அதெச் செய்யறவங்களுக்கு மொறை உண்டுங்களா?"

"உண்டு. ஓய்வும் உண்டு."

"செரிங்க" என்றாள் அம்மா. முறத்தைக் கீழே வைத்தாள்.

அது சித்திரை மாதம். கடலை பிடுங்குகிற சமயம். மறுநாள் விடிந்ததும் அம்மாவும் பெரியம்மாவும் பங்காளி வீட்டுப் பெண்களும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கடலைக்காட்டுக்குப் போய்விட்டார்கள். பாத்திரம் தேய்க்க வந்த அந்த அம்மாளையும் அம்மா கூடவே கூட்டிக்கொண்டு போனாள். பந்தலில் அடுப்பு சாம்பலோடு கிடந்தது. ஆண்கள் பசியோடு வந்து பார்த்தார்கள். ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தார். பெரியப்பா காட்டு வேலியில் நின்று கத்தினார்.

"என்ன கூத்து இது? ஆரு சோறாக்கறது?"

"நாங்க உற்பத்தியில இருக்கறமுங்க" என்றாள் அம்மா, நிமிராமல்.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாகூட. எனக்குத் தெரிந்து பெரியம்மா தன் புருஷன் எதிரில் சிரித்தது அந்த ஒருநாள்தான்.

தோழர் மாமா ஓடிவந்து, இதில் ஒரு கோட்பாட்டுச் சிக்கல் இருக்கிறது, சாயங்காலம் உட்கார்ந்து பேசலாம் என்றார். அம்மா ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள். அவர் கண்ணாடிமேல் மண் விழுந்தது.

உச்சிவெயில் ஏறியது. ஆண்கள் பிடிவாதமாக வேப்பமரத்தடியில் கிடந்தார்கள். அடுப்பு மூட்ட அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மூட்டியிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் நாங்கள் பச்சைக்கடலையைத் தின்று வயிறு வலித்து அழ ஆரம்பித்தோம். அம்மா சுற்றிலும் பார்த்தாள். பந்தலில் பற்றவைத்தால் தோற்றதாக ஆகிவிடும். நாலு வீட்டிலும் அடுப்பு கிடையாது.

ஆனால் வளவில் ஓர் அடுப்பு இருந்தது. ஐந்து குடும்பம் என்று சொல்லி நாலு வீட்டு அடுப்பைத்தான் இடித்திருந்தார்கள். ஐந்தாவது வீட்டு அடுப்பை ஏன் விட்டார்கள்? இடிக்க வேண்டுமென்றால் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க வேண்டும். அப்பாவுக்கோ தோழர் மாமாவுக்கோ அது நினைவில்கூட வந்திருக்காது. எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

அம்மா எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு நேராக வளவுக்கு நடந்தாள். அந்த அம்மாள் பின்னாலேயே ஓடிவந்து, தன் வீட்டு வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"அம்மிணி, வேண்டாமுங்க. இங்கெல்லாம் நீங்க வரப்படாதுங்க."

"புள்ளைங்க பசியில துடிக்குது. நகரு."

"ஆராச்சும் பாத்தா என்ற மனுசனத்தானுங்க கேப்பாங்க. உங்கள ஆருங்க கேக்கப் போறாங்க?"

"நான் சொல்லிக்கறேன். நீ தள்ளு."

அம்மா அவரைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு உள்ளே போனாள். அவர்கள் வீட்டுக் கம்பை எடுத்து, அவர்கள் சட்டியில், அவர்கள் அடுப்பில் ஏற்றினாள். கம்மஞ்சோறும் கீரையும். பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சின்ன வாசலில் நெருக்கி உட்கார்ந்து தின்றோம். பெரியம்மா உள்ளே வரவில்லை. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், பசி தாங்காமல் கடைசியில் கையை நீட்டி வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். அந்த அம்மாள் மட்டும் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் அம்மாமேலும் எனக்குக் கோபம் உண்டு. அப்பாவுக்குப் புத்தகம் கண்ணை மறைத்தது. அம்மாவுக்கு ஆத்திரம் மறைத்தது. அந்த அம்மாள் சொன்ன வார்த்தையை இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

அவர் பயந்தபடியே நடந்தது. பொழுது இறங்குவதற்குள் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தவள் அம்மா. நிறுத்தப்பட்டவர் கவலை ஓட்டுகிறவர். பெண்பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள். நான் வீட்டில் இருந்தேன். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

"குத்தம் பண்ணுனது நானு! அவர உட்டுருங்க!" என்று அம்மா கத்தியிருக்கிறாள். ஊர்க்கூட்டத்தில் பெண் பேச்சுக்கு ஏது இடம்? காற்றடிக்கிற மாதிரி விட்டுவிட்டார்கள். அப்பா பேசுவதற்காக எழுந்திருக்கிறார். தோழர் மாமா அவர் துண்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருக்கிறார்.

"தோழரே, அவசரப்படாதீர்கள். இப்போது இதை எடுத்தால் குடியானவர்கள் ஒற்றுமை கெட்டுவிடும். முதலில் பொருளாதாரம் மாறட்டும். மற்றதெல்லாம் தானாக மாறும்."

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

கவலை ஓட்டுகிறவரை ஊர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழச் சொன்னார்கள். விழுந்தார். புளிய விளாறை எடுத்து அடித்தது பெரியப்பா. பந்தலில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட அதே பெரியப்பா.

மறுநாள் காலையில் வளவில் அந்த வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மேட்டூருக்கு அணை வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அதன்பிறகு பொதுவாழ்வு எவ்வளவு நாள் நின்றது என்கிறீர்கள்? கவலை ஓட்ட ஆண்கள் முறை போட்டார்கள். மாடுகளைப் பின்னுக்கு நடத்தி முன்னுக்கு நடத்தி, வெயிலில் நாள் முழுக்கப் பண்ணுகிற வேலை. ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு உறம்பரைச் சொந்தத்தில் விசேஷம். அப்பா தான் ஒருவராக ஓட்டிப் பார்த்தார். கை கிழிந்து ரத்தம் வந்தது. ராகிப்பயிர் கருகியது. புத்தகம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுச் சேலத்துக்குப் போன தோழர் மாமா, உடம்பு சரியில்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். பங்காளிகள் அவரவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பெரியம்மா எங்களுடைய அம்மியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். அம்மாவின் வெண்கலப் போசி யார் வீட்டிலும் இல்லை. கேட்டால் எல்லாருமே, "பொதுவுல கெடந்துச்சே" என்றார்கள்.

அம்மா அப்பாவோடு பேசுவதை விட்டிருந்தாள். ஒருநாள் காலையில் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மேட்டூருக்குப் போயி அவங்களப் பாத்துட்டு வாங்க."

"வருவாங்களா? கெணறு சும்மா கெடக்குது…"

"கெணத்துக்காகப் போகச் சொல்லுலீங்க. நம்மனால ஒரு மனுசன் அடி வாங்கியிருக்காரு." பிறகு என்னைப் பார்த்தாள். "புள்ளயக் கூட்டிட்டுப் போங்க. தனியாப் போனா சங்ககிரியிலயே ஆரு கூடயாவது பேசிக்கிட்டு உக்காந்துக்குவீங்க."

வண்டி கட்டிக்கொண்டு போனோம். அணை வேலை நடக்கிற இடத்தை நான் என்னவென்று சொல்வேன்! மலையை அறுத்துப்போட்ட மாதிரி கல், எறும்பு மாதிரி சனம், காதடைக்கிற இரைச்சல், நாக்கிலெல்லாம் சுண்ணாம்புத் தூசி. விசாரித்து விசாரித்து, கூலிக்காரர்கள் குடிசைகளுக்கு நடுவே அவர்களைக் கண்டுபிடித்தோம். கவலை ஓட்டினவர் அப்போதுதான் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஆனால் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"வாங்க. பாப்பா நல்லாருக்கறயா?"

அப்பா தப்புக்கு வருந்தி ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். அப்பா உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். பிறகு இந்த அணையைக் கட்டுவதில் யாருக்கு என்ன இலாபம், கல் உடைக்கிறவனுடைய உழைப்பு எங்கே போய்ச் சேருகிறது என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு அந்த வயதிலேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கவலை ஓட்டினவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க உன்னச் சொரண்டறாங்கப்பா" என்று முடித்தார் அப்பா. "ஊருக்கு வந்துரு. காட்டுல பங்கு எழுதித் தர்றேன்."

"ஆமாங்க, நல்லாவே சொரண்டறாங்க. மேஸ்திரி வாயத் தொறந்தா கெட்ட வார்த்தைதான். போன வாரம் ஒருத்தன் கால்ல கல்லு உழுந்து கால் போயிருச்சு" என்றார் அவர். "ஆனா சாயங்காலம் சங்கு ஊதுதுங்க. ஊதுனதுக்கப்பறம் எவனும் என்னக் கூப்புட முடியாது. உங்க காட்டுல எனக்குச் சங்கே ஊதுனதில்லீங்களே."

முன்பெல்லாம் பேச்சுக்குப் பேச்சு சாமி என்பார். அன்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதை அப்பாவும் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"அடிச்சப்ப நான் எந்திரிச்சிருக்கோணும்" என்றார் அப்பா.

"எந்திரிச்சீங்க, பாத்தேன்" என்றார் அவர். "உக்காந்ததையும் பாத்தேன்."

அந்த அம்மாள் குடிசைக்குள்ளிருந்து வந்தார். அப்பாவைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"பசிக்குதா, பாப்பா?"

எனக்கு உயிர் போகிற பசி. தலையாட்டினேன். வட்டலில் சோளச்சோறும் ஆற்றுமீன் குழம்பும் போட்டுக் கொடுத்தார். இன்னொரு வட்டலைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் நின்றார். போடட்டுமா என்று கேட்கவும் இல்லை. உள்ளே கொண்டுபோகவும் இல்லை. அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டினார்.

நன்றாகவே சாப்பிட்டார். இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினார்.

அவர்கள் வரவில்லை. நாங்கள் கிளம்பியபோது அந்த அம்மாள் மட்டும், "அம்மிணியக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

வண்டி பாதி தூரம் வந்ததும் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"சாப்புட்டத ஊருல ஆருகிட்டயும் சொல்லாத, சாமி."

"அம்மாகிட்டீங்கப்பா?"

மாட்டை ஓட்டிக்கொண்டே யோசித்தார். "அம்மாகிட்டச் சொல்லு."

சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். சங்கு ஊதுகிற விஷயத்தை இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். பிறகு, "கொழம்பு கேட்டு வாங்குனாரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் ஊர்க் கிணற்றடியில், அத்தனை பெண்களும் நிற்கும்போது, குடத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மா சத்தமாகச் சொன்னாள். "எங்கூட்டுக்காரரு மேட்டூர்ல அவங்க ஊட்டுல மீன் கொழம்பு ஊத்தி ஊத்திச் சாப்புட்டுட்டு வந்திருக்காரு. பாவம், எங்க ஊட்டுல அப்பிடிச் சாப்புட்டதே இல்ல."

அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "ஏன்டி சொன்ன? உன்ன ஆரு சொல்லச் சொன்னா?"

"எல்லாரும் ஒண்ணாச் சாப்புடோணும்னு மேடை போட்டுச் சொன்னீங்க. சாப்புட்டதச் சொல்லறதுக்கு என்னுங்க வெக்கம்?"

ஊர் எங்கள் வீட்டை விலக்கி வைத்தது. வண்ணார் துணி எடுக்க வரவில்லை. அம்மா கிணற்றில் துவைத்தாள். நாவிதர் இரக்கமுள்ள மனுஷன்தான். ஆனால் ஊர்க்கட்டுப்பாட்டை மீற அவருக்குத் துணிச்சல் இல்லை. அப்பாவுக்குத் தானாகச் சவரம் செய்துகொள்ளத் தெரியாது. ஒருதரம் முயற்சி செய்து கன்னத்தைக் கிழித்துக்கொண்டார். தாடி வளர ஆரம்பித்தது. முதலில் அரிப்பு தாங்காமல் சொறிந்துகொண்டே அம்மாவைத் திட்டினார். பிறகு திட்டுவது குறைந்தது. தை மாதம் வந்தபோது மார்பைத் தொட்டுவிடும்போல இருந்தது.

உடம்பு தேறித் தோழர் மாமா அப்போதுதான் திரும்பி வந்தார். அப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய தடித்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் யாரோ ஒரு பெரியவரின் தாடி வைத்த படம் இருக்கும்.

"தோழரே! தோல்வியிலும் நீங்கள் இவ்வளவு உறுதியாக…" என்று அப்பாவைக் கட்டிக்கொண்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா தாடியைத் தடவிக்கொண்டார். சேலத்துக்கு அழைத்துப்போய் ஸ்டூடியோவில் படம் பிடித்தார்கள். அடுத்த வருஷம் ஊர் சமாதானமாகி நாவிதர் தானாகவே பெட்டியோடு வந்தபோது, "இருக்கட்டும் போ" என்று அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப்பிறகு ஏறின மேடைக்கெல்லாம் அந்தத் தாடியோடுதான் ஏறினார்.

அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு இன்றும் கூட்டம் நடத்துகிறார்கள். என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைக்கிறார்கள். அண்மையில் ஒரு இளைஞர் படத்தைக் காட்டி, அந்தத் தாடியே ஒரு பிரகடனம் என்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா இந்தத் தாடி வைக்க வேண்டுமென்று எப்போதம்மா முடிவெடுத்தார்?" என்று பணிவாகக் கேட்டார்.

"அவர் எங்கே தம்பி முடிவெடுத்தார்?" என்றேன். "அது எங்கம்மா வளத்துன தாடி."

அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. நான் ஏதோ தத்துவமாகச் சொன்னதாக நினைத்து, தலையாட்டிவிட்டுப் போனார்.